கிராதியின் ஆயுள்

தமிழில் 'கிராதி' என்றொரு சொல் உண்டு. சன்னலிலும் திண்ணையின் முன்பும் வரிசையாகக் கம்பியோ மரச்சட்டமோ பொருத்திய தடுப்பை அது குறிக்கும். போர்த்துகீசியரின் 'கிராதெ' தமிழில் தங்கி இந்தச் சொல்லாயிற்று. அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு மூலம் இலத்தீனில் 'கிராத்திஸ்': பிரம்பாலோ மிலாறாலோ முடைந்த தட்டி. ஆங்கிலத்தார் அடுப்பின் அடியிலுள்ள இரும்புத் தட்டைக் 'கிரேட்' என்பதும் அதே வேரிலிருந்துதான். ஒரு வேரில் கிளைத்த இரு சொற்கள் வெவ்வேறு கப்பல்களில் வந்து, ஒன்று சன்னலிலும் மற்றொன்று அடுப்பிலும் குடியேறின. உறவு அறியாமலே இரண்டும் இன்று பெங்களூரின் இரும்புக் கடைகளில் அருகருகே புழங்குகின்றன.

அதே கடைகளில் கன்னடம் பேசுவோர் 'ஜாலரி' என்று கேட்பார்கள். அதன் வேர் வலையைக் குறிக்கும் வடசொல். தமிழ் பேசுவோர் பலர் 'சல்லடை' என்பார்கள். முடைந்த தட்டி, வலை, சல்லடை என மூன்றும் அந்தப் பொருளை அதன் துளைகளைக் கொண்டே பெயரிடுகின்றன. இரும்பு என்றோ எஃகு என்றோ எந்த மொழியும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அடுப்பின் கிராதி உடைந்து மாற்றுக் கிராதி தேடுபவருக்கு இந்தப் பெயர்களே முதல் அறிவுரை. அவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது காற்று நுழையும் வழியை. உலோகம் அதற்கு அடுத்தது.

அடுப்பின் கிராதிக்குத் தமிழில் தனிப்பெயர் நிலைபெறாததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மூன்று கல் அடுப்பிலும் மண்ணடுப்பிலும் விறகு தரையிலேயே எரிந்தது; இல்லாத பொருளுக்குப் பெயர் எதற்கு? கன்னடத்தில் அடுப்பு 'ஒலெ'. தமிழின் 'உலை'யும் அதுவும் ஓரினச் சொற்கள். உகரம் பின்வரும் உயிரின் இழுப்பால் ஒகரமாவது கன்னடத்தில் எழுத்திலேயே நிலைத்துவிட்டது. தமிழில் அது பேச்சோடு நின்றது. 'ஒலை வச்சாச்சா?' என்று கேட்கும் தமிழ் வீடும் 'ஒலெ' பற்றவைக்கும் கன்னட வீடும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகின்றன. ஆனால் தமிழ் அந்தச் சொல்லைக் கொதிக்கும் நீருக்கும் கொல்லன் பட்டறைக்கும் ஒதுக்கிவிட்டு, 'அடு' என்னும் வினையிலிருந்து அடுப்பைப் படைத்துக்கொண்டது.

கிராதி உள்ள அடுப்பும் தமிழ்நாட்டில் இருந்தது, அதுதான் குமுட்டி. உட்புறம் மண் பூசிய இரும்பு வாளி, நடுவில் குறுக்குக் கம்பிகள், கீழே காற்றுவாய், வாயருகே பனைவிசிறி. கரி எரியும் அடுப்பாகையால் கம்பிகளில்லாமல் அது இயங்காது. கன்னட வீடுகளில் அதன் உறவினன் 'அக்கிஷ்டிகெ'. இன்று பெங்களூரின் மொட்டைமாடிகளிலும் உணவகங்களிலும் காணப்படும் முட்டை வடிவப் பீங்கான் கரியடுப்பும் அமைப்பில் குமுட்டியின் பெரிய வடிவமே. தடித்த பீங்கான் சுவர், உள்ளே கரி தாங்கும் பீங்கான் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் துளையிட்ட வட்டக் கிராதி, கீழே காற்றுவாய், மேலே மூடி, மூடியின் உச்சியில் புகைவாய். 'கமாடோ' என்னும் அதன் பொதுப்பெயர் சப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் அந்த மண்ணடுப்பைத் தாயகம் கொண்டுசென்றனர். எட் ஃபிஷர் என்பவர் 1974ஆம் ஆண்டு அட்லாண்டாவில் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' நிறுவனம் அதை உலகச் சந்தைக்குரிய பீங்கான் பண்டமாக்கியது. அதே 1974ஆம் ஆண்டில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 'அஸ்த்ரா' என்னும் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் ஊரகத்துக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம். சில ஆண்டுகளில் அப்பிரிவு தும்கூரு மாவட்டத்தின் உங்ரா கிராமத்தில் ஒரு விரிவாக்க மையத்தை அமைத்தது. 1980களின் தொடக்கத்தில் 'அஸ்த்ரா ஒலெ'யை உருவாக்கியது. ஓர் அடுப்பு பொழுதுபோக்கிற்கு, மற்றொன்று பிழைப்பிற்கு. ஆண்டு ஒன்றாயிருப்பது தற்செயல். இரண்டும் ஒரே சிறு உறுப்பை நம்பியிருப்பது இயற்பியல். கிராதி என்ன செய்கிறது, ஏன் சாகிறது என்பதைப் பீங்கான் அடுப்பில் விளங்கிக்கொண்டால் ஒலெயின் கதையும் தெளிவாகும்.

ஒரு கிலோ கரிமம் முழுமையாக எரிய ஏறத்தாழ 11.5 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்று முழுவதும் கிராதியின் துளைகள் வழியாகவே மேலேற வேண்டும். கடல்மட்டத்தில் அதன் பருமன் ஏறத்தாழ 9.7 கன மீட்டர். பெங்களூர் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்று மெலிந்தது. அதே எடைக்கு ஏறத்தாழ 10.8 கன மீட்டர் தேவை. சென்னையில் தடையின்றி எரிந்த அடுப்பு பெங்களூரில் சற்றே மந்தமாக எரிந்தால், கரியைப் பழிக்கும் முன் இந்தப் பத்தில் ஒரு பங்கையும் நினைவில் கொள்ளலாம். மெலிந்த காற்று, கிராதியின் துளைகள் அடைபடுவதைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தையும் குறைத்துவிடுகிறது.

கிராதி உயிரோடிருப்பதும் இதே காற்றால்தான். மேலே தணல் காய்ச்ச, கீழிருந்து நுழையும் குளிர்ந்த காற்று அதைத் தொட்டுக் குளிர்வித்தபடியே மேலேறுகிறது. கீழே சாம்பல் குவிந்து கிராதியை முட்டினால் இந்தக் குளிர்ச்சி நின்றுபோகும். தணலின் வெப்பம் முழுவதும் இரும்பிலேயே தங்கும். கிராதி உடைவதற்கு மட்டமான வார்ப்பைக் குறை கூறுவது வழக்கம். பல நேரங்களில் அதைக் கொன்றது அள்ளாமல் விட்ட சாம்பலே.

வார்ப்பிரும்பு சாகும் விதம் தனியானது. ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் மீண்டும் மீண்டும் சூடாகும் சாம்பல்நிற வார்ப்பிரும்பில், இரும்போடு கூடியிருந்த கரிமம் பிரிந்து கிராஃபைட்டாகிறது. அதோடு உள்வெடிப்புகளில் ஆக்சிசனும் புகுகிறது. விளைவாக இரும்பு நிரந்தரமாகப் பருக்கிறது. உலோகவியலார் இதை 'வளர்ச்சி' என்றே அழைக்கின்றனர். சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்கும் இயல்பான அசைவு இதனின் வேறு; இங்கே பழைய அளவு திரும்புவதேயில்லை. புதிதாக வாங்கியபோது தளர்வாக உட்கார்ந்த கிராதி, சில ஆண்டுகளில் கிண்ணத்தின் விளிம்பை நெருக்கிப் பிறகு விரிசல் விடுவது இதனால்தான். எரியும் அடுப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இந்தச் சாவை ஒரே நாளில் முடித்துவைக்கிறார்கள். கரியடுப்பை அணைப்பதற்குக் காற்றுவாயையும் புகைவாயையும் மூடினால் போதும்.

இனி மாற்றுக் கிராதி. கம்மனஹள்ளியில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி பீன்யாவின் பட்டறைகளில் ஆயுளைக் கழித்தவர். அயல்நாட்டிலிருந்து திரும்பிய மகள் வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்த பீங்கான் அடுப்பு மொட்டைமாடியில் நிற்கிறது. மூன்றாகப் பிளந்த அதன் கிராதியைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்.ஜே.பி. சாலையில் தகடு விற்கும் ஒரு கடைக்குப் போனார். அந்தத் தெருவின் வழக்கப்படி கடைக்கார இளைஞர் ஒரு காந்தத்தை எடுத்து இரண்டு தகடுகளில் ஒட்டிக் காட்டினார். ஒன்றில் ஒட்டியது, மற்றதில் ஒட்டவில்லை.

"இது காந்தம் புடிக்குது பாருங்கண்ணே, அசல் எவர்சில்வர் இல்ல. இத எடுத்துக்குங்க, ஒட்டவே ஒட்டாது."

"ஒட்டட்டும் தம்பி. எனக்கு ஒட்டுறதுதான் வேணும். நம்பர் என்ன, நானூத்தி முப்பதா?"

"ஆமாண்ணே, நானூத்தி முப்பதுதான். அத யாரும் அடுப்புக்குக் கேக்க மாட்டாங்களே!"

"கேக்காதவங்க அடுப்புக்குப் பக்கத்துல வேல செஞ்சிருக்க மாட்டாங்க. அந்த ஒட்டாத தகடு என்ன நம்பருன்னு சொல்லு, பாப்போம்."

இளைஞர் சிரித்துவிட்டு 'இருநூத்தி ரெண்டு' என்றார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு பாடம் இருக்கிறது. காந்தம் ஒட்டாததே நல்ல எவர்சில்வர் என்பது இந்திய வீடுகளில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304ஆம் தர எஃகில் காந்தம் ஒட்டாது என்பது உண்மையே. ஆனால் விலையுயர்ந்த நிக்கலில் பெரும்பங்கைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டிய 202ஆம் தரத்திலும் காந்தம் ஒட்டாது. பாத்திரக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் அது தணலின் வெப்பத்தில் 304 அளவுக்குத் தாங்காது. மாறாக, காந்தம் ஒட்டும் 430ஆம் தரத்தில் 16 முதல் 18 விழுக்காடு வரை குரோமியம் உண்டு. அது 800 பாகை வரை செதில் உதிர்வை நன்றாகவே எதிர்க்கும். காந்தம் சொல்வது உலோகத்தின் படிக அமைப்பை மட்டுமே. அதன் தரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

பெரியவர் 430ஐக் கேட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது அடுப்பின் பீங்கானைப் பற்றியது. 230 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிராதி 700 பாகை சூடேறுவதாகக் கொண்டால், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் விரியும். 430ஆம் தரமும் ஏறத்தாழ அவ்வளவே. 304ஆம் தரமோ 2.9 மில்லிமீட்டர் விரியும். அவற்றைத் தாங்கும் பீங்கான் கிண்ணம், வெப்பத்துக்கெனச் செய்த கலவையானால், அரை மில்லிமீட்டர்கூட அசையாது. பழைய வார்ப்பிரும்பின் அளவை மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்து 304இல் வெட்டிப் பொருத்துபவர், ஒரு சிறு தகட்டை மாற்றப்போய் அடுப்பின் வயிற்றையே பிளந்துவிடக் கூடும். எந்த உலோகமானாலும் கிராதியின் விட்டம், அது உட்காரும் இடத்தின் விட்டத்தைவிட 5 அல்லது 6 மில்லிமீட்டர் குறைந்திருப்பது பாதுகாப்பு. இறுகப் பொருந்துவதே நேர்த்தி என்று கருதும் கண்ணுக்கு அந்தத் தளர்வு குறையாகத் தோன்றலாம்; அடுப்புக்கு அது மூச்சுவிடும் இடம்.

430க்கும் குறையுண்டு. உயர்ந்த வெப்பத்தில் அதன் வலு குறைந்து, மெல்லிய தகடானால் கரியின் பாரத்தில் தொய்ந்துவிடும். 6 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் வேண்டும். 475 பாகையை ஒட்டி நெடுநேரம் கிடந்தால் நொறுங்கும் தன்மையும் ஏறும். ஆறிய கிராதியைத் தரையில் போட்டு அடிப்பது கூடாது. வார்ப்பிரும்பே வேண்டுமென்பவர் தடித்ததாக, வெடிப்பில்லாததாகத் தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகளில் மாற்றவும் மனத்தை ஒப்பவைத்துக்கொள்வது நலம். மூன்று பொருள்களை மட்டும் எவரும் நாடலாகாது. சாதாரண மென்னிரும்புத் தகடு செதில் செதிலாக விரைவில் உதிர்ந்துபோகும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. கம்பிவலை இவற்றினும் கொடியது. அதில் பூசிய துத்தநாகம் 420 பாகையில் உருகும், 907 பாகையில் கொதிக்கும். அந்த ஆவி காற்றில் வெண்புகையாகி, மூச்சோடு உட்செல்பவருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற நோயைத் தரும். பற்றவைப்புத் தொழிலாளர்கள் நன்கறிந்த நோய் அது. சமைக்கும் அடுப்பில் அதற்கு இடமே இல்லை.

உலோகம் முடிவானபின் துளைகள். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை, மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர் இருக்குமாறு முக்கோண வரிசையில் இட்டால், தட்டின் பரப்பில் ஏறத்தாழ 33 விழுக்காடு திறந்திருக்கும். துளையை 10 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது ஏறத்தாழ 23 விழுக்காடாகச் சுருங்கும். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு குறைத்ததற்குக் காற்றுவழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெரிதாக்கினாலும் இழப்பே: எரியும் கங்குகள் நழுவிச் சாம்பலில் விழுந்து, பயனின்றி எரிந்து, கிராதியை அடியிலிருந்தும் காய்ச்சும். நீள்வாட்டப் பிளவுகள் வட்டத் துளைகளைவிட எளிதில் அடைபடுவதில்லை. உருண்டைக் கரித்துண்டு வட்டத்தை முழுதாக மூடிவிடும். பிளவை மூட அதனால் இயலாது.

எந்தக் கரி என்பதும் கணக்கில் சேர வேண்டும். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து மூட்டங்களில் சீமைக் கருவேலத்தைச் சுட்டெடுத்த கரி கட்டியானது, கனமானது. கிராதியின் மேல் சந்துவிட்டு அடுங்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியின் வளைந்த ஓடுகளோ துளைகளின் மேல் மூடிபோலக் கவிழ்ந்துகொள்ளும். மூட்டையின் அடியில் மிஞ்சும் தூளும் அப்படியே. சிரட்டைக் கரியை நம்பியிருப்போருக்குப் பிளவுள்ள கிராதியே ஏற்றது. எந்தக் கரியானாலும் பெரிய துண்டுகளை அடியிலும் சிறியவற்றை மேலும் அடுக்குவது பழைய குமுட்டிக்காரர்களின் வழக்கம். பெரியவரும் தகட்டை வாங்கி, பீன்யாவில் இலேசரால் பிளவுகள் வெட்டித் தரும் பட்டறையில் கொடுத்தார். முன்பு வார்ப்பட ஆலையில் பத்துக்குக் குறைவாகச் செய்து தர மறுத்த பொருளை இன்று ஒன்றே ஒன்றாகவும் வெட்டித் தருகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு தட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். துளை அடைபட்ட கரியடுப்பு அணைந்துவிடுவதில்லை, அரைகுறையாக எரிகிறது. அப்போது எழுவது கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சல்கூட இல்லை. விறகுப் புகை தானே எச்சரிக்கும், கரித்தணல் எச்சரிக்காது. குளிர்காலத்தில் தணலை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் விழிக்காமற்போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. எவ்வளவு நல்ல கிராதியும் கரியடுப்பை வீட்டுக்குள் வைப்பதற்கான உரிமத்தைத் தந்துவிடாது. விறகு, சாணம், கரி முதலியவற்றால் வீட்டுக்குள் மாசுறும் காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. மொட்டைமாடியின் பீங்கான் அடுப்பிலிருந்து அஸ்த்ரா ஒலெக்குத் திரும்ப வேண்டிய இடம் இதுதான்.

அஸ்த்ரா ஒலெ மூன்று பாத்திரங்களை ஒரே தீயில் வைக்கும் மண்ணடுப்பு. விறகு மூடிய அறைக்குள் கிராதியின் மேல் எரியும். காற்று கீழிருந்து வரும். புகை மூன்றாம் பாத்திரத்தையும் சுட்டுவிட்டுப் போக்கி வழியே வெளியேறும். பழைய அடுப்புகள் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையே பாத்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆய்வகத்தில் இதன் செயல்திறன் 40 விழுக்காட்டை எட்டியது. கர்நாடகத்தின் சிற்றூர்கள் பலவற்றில் இது கட்டப்பட்டது. இதே ஆண்டுகளில் இந்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது முடிவுக்கு வரும்வரை நாடெங்கும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

வழங்கப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது; வழங்கப்பட்ட மாற்றுக் கிராதிகளின் எண்ணிக்கைக்கு அப்படியொரு பதிவேட்டுப் பத்தி இருந்ததில்லை. மேம்பட்ட அடுப்பின் செயல்திறன் எண்கள் பெரும்பாலும் புதிய கிராதி, புதிய சுவர், துப்புரவான புகைப்போக்கி ஆகியவற்றின் எண்கள். கிராதி கருகி விழுந்த மறுநாள் அந்த வீட்டுப் பெண் என்ன செய்தாள் என்பது அளக்கப்படவில்லை. அவள் செய்திருக்கக்கூடியது எளிது: இரும்பை ஓரமாக வைத்துவிட்டு, விறகைத் தரையிலேயே எரித்திருப்பாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அஸ்த்ரா ஒலெதான். உள்ளே அது பாட்டி காலத்து மண்ணடுப்பாகியிருக்கும்.

இந்த இடைவெளியை அளந்த ஆய்வுகளில் புகழ்பெற்றது ஒடிசாவில் நடந்தது. ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும், புகைப்போக்கியோடு கூடிய மேம்பட்ட மண்ணடுப்புகளைப் பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். முதல் ஆண்டில் உட்சென்ற புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்தது. நோயிலோ விறகுச் செலவிலோ மாற்றம் தெரியவில்லை. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவுமில்லை, பழுதுபார்க்கவுமில்லை என்பது ஆய்வின் முடிவு. 2016ஆம் ஆண்டில் இதழில் வெளிவந்த இக்கட்டுரையைச் சிலர் கிராமத்துப் பெண்களின் அக்கறையின்மைக்குச் சான்றாகப் படித்தார்கள். பழுதுபார்க்க வேண்டிய உறுப்பு எந்தச் சந்தையில், என்ன பெயரில், எந்த அளவில் கிடைத்தது என்று திருப்பிக் கேட்டால் அந்த வாசிப்பு நிலைகுலையும்.

இந்திய அறிவியல் கழகத்திலிருந்தே இரண்டாம் முயற்சியும் வந்தது. எச். எஸ். முகுந்தாவின் குழுவினர் வடிவமைத்து, பி.பி. நிறுவனத்தின் வழியே 2006இல் சந்தைக்கு வந்த 'ஊர்ஜா' அடுப்பு இம்முறை பீங்கான் வயிறு கொண்டது. அடியில் கிராதி, பக்கத்தில் மின்கலத்தால் சுழலும் சிறு விசிறி, எரிபொருளாக வேளாண் கழிவை அழுத்திச் செய்த குளிகைகள். 4 லட்சம் அடுப்புகள் வரை விற்றன. குளிகையின் விலை ஏறியது, கிடைப்பது அரிதாயிற்று, வீட்டு அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இங்கே கிராதியைவிடக் குளிகையே முதல் குற்றவாளி. ஆனால் இரண்டும் ஒரே வகைக் குற்றத்தைச் சேர்ந்தவை: அடுப்பை இயக்கத் தேவையான ஒன்று, அந்த ஊரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பழைய அடுப்பில் குளிகைக்குப் பதில் விறகிடலாம். ஊர்ஜாவில் அப்படி முடியாது. பொட்டாசியமும் மணற்சத்தும் மிகுந்த வேளாண் கழிவின் சாம்பல் விரைவில் உருகிக் கிட்டமாகிக் கிராதியின் துளைகளில் உறையும் இயல்புடையது. நல்ல குளிகை கிடைக்காதபோது கிடைத்ததை இட்டுச் சமாளிக்கவும் வழியில்லை.

எதிர்மறைகளுக்கிடையே ஒரு நேர்க்காட்டும் உண்டு. 1980களில் கென்யாவில் உருவான பீங்கான் 'ஜிக்கோ', தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்துச் செய்தது. வெளியே தகர உடல், உள்ளே சுடுமண் உறை. கிராதியும் அந்த உறையிலேயே துளைகளாக அமைந்துவிடுகிறது. உறையைக் குயவர்கள் சுடுகிறார்கள். உடலை நைரோபியின் 'ஜுவா காலி' தொழிலாளர்கள் பழைய தகரத்தில் அடிக்கிறார்கள். சுவாகிலியில் அச்சொல்லின் பொருள் 'கடும் வெயில்'. கூரையில்லாத பட்டறைகளில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அதுவே பெயராயிற்று. உறை விரிந்தால் புதிய உறையைச் சந்தையில் வாங்கிப் பழைய உடலில் பதித்துக்கொள்ளலாம். பலர் தனித்தனியே ஒரே அளவில் செய்யப் பழகியதால், ஒருவர் கடையை மூடினாலும் அடுப்பு அநாதையாவதில்லை. ஜிக்கோவின் செயல்திறன் அஸ்த்ரா ஒலெயின் ஆய்வக எண்ணைவிடக் குறைவு. நைரோபியின் சமையலறைகளில் அது தங்கியதற்குக் காரணம் அந்த எண்ணில் இல்லை.

பெங்களூரின் பெரியவருக்குச் சில மணி நேரத்தில் கிடைத்த தீர்வு எதனால் வாய்த்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவருக்கு வெர்னியரால் அளக்கத் தெரியும். எந்த எண்ணுள்ள எஃகு வேண்டும் என்று சொல்லத் தெரியும். அவர் மொழி பேசும் கடைக்காரர் இருந்தார். ஒற்றைத் தகட்டை வெட்டித் தரும் பட்டறை ஒரு பேருந்து தொலைவில் இருந்தது. உங்ராவின் அடுப்புக்கு இவை நான்கும் இல்லை. அடுப்பில் குறையில்லை, அவளிடமும் குறையில்லை. அவளுக்கும் பட்டறைக்கும் நடுவே சொல் இல்லை, அளவும் இல்லை. தன் அடுப்பில் உடைந்த பொருளின் பெயரே தெரியாதவர், தொலைவிலுள்ள கடையில் எதைக் கேட்பார்?

பெயர் இல்லாத உறுப்புக்கு மாற்று உறுப்பு கிடைப்பதில்லை. ஆகையால் இனி அடுப்பு வடிவமைக்கும் ஆய்வாளர் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்யலாம். எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கிராதியின் விட்டம், தடிமன், துளையளவு, உலோகம் ஆகியவற்றை அடுப்பின் உடலிலேயே, அந்த ஊர் மொழியில், அழியாதபடி பொறிக்கலாம். ஆய்வேட்டின் செயல்திறன் அட்டவணையில் புதிய கிராதிக்கு ஒரு பத்தியும், ஓராண்டு எரிந்த கிராதிக்கு ஒரு பத்தியும், கிராதியே இல்லாமல் எரித்ததற்கு ஒரு பத்தியும் வைக்கலாம். கிராதியின் அளவை நிர்ணயிக்கும்போது, பக்கத்து நகரத்தின் கொல்லனால் அதைச் செய்ய முடியுமா என்று அவரிடமே போய்க் கேட்கலாம்.

போகும்போது அந்தப் பொருளுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. பொறிக்க வேண்டிய சொல் அதுவே.